ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிலம்பம்: தொடக்கக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆசிரியர்கள், நாற்பத்தொரு பிள்ளைகள், ஒரு வேப்பமரம், அதற்கு அப்பால் கொஞ்சம் செம்மண் தரை. அந்தத் தரையில் மூன்று ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை மாலைகளில் சிலம்பம் நடந்துவந்தது. சென்ற ஆண்டு பள்ளியைப் பார்வையிட வந்த ஓர் அலுவலர், வகுப்பறை மூலையில் சாத்தியிருந்த கம்புகளைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஆணையின்படி நடக்கிறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றோடு நின்றுபோனது.

அவர் கேட்டதில் தவறில்லை. வெளியாள் ஒருவர் பள்ளிக்குள் வந்து சின்னப் பிள்ளைகள் கையில் கம்பு கொடுக்கிறார் என்றால், பொறுப்பில் இருக்கிற யாரும் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் ஆணை வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். உறையில் போட்டு உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் ஊரறிய எழுதுகிறேன். தங்கள் தரையிலும் ஒரு வேப்பமரமும் பக்கத்துத் தெருவில் ஓர் ஆசானும் இருக்கிற தலைமையாசிரியர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் அட்டவணையில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரைக்கு அப்படி ஒரு வரி கிடையாது. விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று இருக்கிறது. சொல்லித்தர ஆள் வேண்டும் என்று இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தற்காப்புக் கலைப் பயிற்சி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு, மூன்று மாதம். பள்ளிக்கு மாதம் 3,000 ரூபாயாக இருந்த ஒதுக்கீட்டை 2021-இல் 5,000 ஆக்கினார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அது பதினோரு வயதில் தொடங்கி மூன்றே மாதத்தில் முடிந்துவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் இடமில்லை. ஆண் குழந்தைக்கு எந்த வயதிலும் இடமில்லை.

மேல்மட்டத்தில் சிலம்பத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. வேலைவாய்ப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு கலைக்கு, ஒன்றாம் வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் இது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன்.

பள்ளிக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கொத்தனார் வேலை பார்த்தவர். இப்போது முழங்கால் விடாது. அவருடைய தகப்பனாரும் கம்பு ஆசான். திருவிழாக் காலத்தில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுகிற இளைஞர்கள் எல்லோரும் அவர் கையால் பழகியவர்கள். ஊரில் அவரை வாத்தியார் என்பார்கள். பள்ளிக்குள் அந்தப் பெயர் எனக்கும் தலைமையாசிரியருக்கும் உரியதாகிவிட்டதால், பிள்ளைகள் அவரைக் கம்புத் தாத்தா என்று அழைக்கத் தொடங்கினார்கள். பேரனைக் கூட்டிப்போக வருகிறவர், மரத்தடியில் காத்திருந்த நேரத்தில் நான்கைந்து பிள்ளைகளுக்குக் காலடி போட்டுக் காட்டினார். அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். 2,000 ரூபாய்க்குள் இருபது கம்பு வந்துவிட்டது.

முதல் நாள் நடந்ததை மறக்க முடியாது. பெரியவர் கம்பை ஒரு சுற்றுச் சுற்றினார். காற்று கிழிகிற ஓசை கேட்டதும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்திருந்தான். அவன் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியும். பள்ளியில் அடிக்கக் கூடாது என்று அதே 2009 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் பள்ளியில் பிரம்பு போய் வெகுகாலம் ஆகிறது. வீடுகளிலிருந்து அது போகவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கம்பு என்றால் அடி. வேறு பொருள் கிடையாது.

பெரியவர் அவனைக் கூப்பிடவில்லை. கம்பைத் தரையில் படுக்க வைத்தார். எல்லோரையும் அதைத் தாண்டச் சொன்னார்; காலடி எடுத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மூன்று வாரம் அதுதான் பாடம். யாரும் கம்பைக் கையில் எடுக்கவில்லை. நான்காவது வாரம் அந்தப் பையன் தானாக வந்து வரிசையில் நின்று தாண்டினான். கையில் கம்பு பிடிக்க அவனுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. பிடித்த அன்று, அதை நெற்றிக்கு நேராக நிறுத்தி அளந்து பார்த்தான். கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்று தாத்தா சொல்லிக்கொடுத்திருந்தார். தன் உயரத்துக்குத் தக்க ஒரு கம்பு தனக்கு இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை அவன் முகத்தில் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கொடுத்த எந்தப் பரிசுக்கும் எந்தப் பிள்ளையும் அப்படி நிமிர்ந்ததில்லை.

சிலம்பம் தெரியாதவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். கலை காலில் இருக்கிறது. காலடி வரிசை பழகாமல் வீச்சுக்குப் போக ஆசான்கள் விடமாட்டார்கள். முன் ஒன்று, பக்கம் ஒன்று, பின் ஒன்று, திரும்பி ஒன்று என்று அடி வைத்து, நின்ற இடத்தைச் சுற்றி ஓர் உருவம் வரைவதை வீடு கட்டுதல் என்பார்கள். சுண்ணாம்புக் கோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வீடு கட்டினார்கள். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஆடிப் பாடிக் கற்பிக்கச் சொல்லி எங்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். நான்கு நான்காக எண்ணுவதை ஒரு பிள்ளை உள்ளங்காலால் கற்றுக்கொள்வதைவிட அந்தத் திட்டத்துக்குப் பொருத்தமான வேறொன்றை நான் பார்க்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி, அடி வைக்கும்போது மட்டும் எல்லோருக்கும் கேட்கிற குரலில் எண்ணுவாள்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பெரிய குறை இல்லை. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் ஓடுகிறவர்கள். ஓட்டம் அவர்களிடம் இருக்கிறது; நிற்பது இல்லை. சிலம்பத்தின் முதல் பாடமே நிற்பதுதான். கால் அகட்டி, முதுகு நிமிர்ந்து, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து, அவர் அசையும் வரை காத்திருப்பது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இருபது விநாடி அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று வகுப்பு எடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

இதை நான் மட்டும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு பள்ளியில் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த 207 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான உடற்கல்வியும் மறுபகுதிக்குக் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. டேக்வாண்டோ பழகிய குழந்தைகள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்வதில் முன்னேறியிருந்தார்கள். வகுப்பு நடத்தை மேம்பட்டிருந்தது. மனக்கணக்கிலும் மேலாகச் செய்தார்கள். அந்த முன்னேற்றம் ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகத் தெரிந்தது. நம் திட்டங்களில் ஆண் பிள்ளைகளை விட்டுவிடுவது சரிதானா என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். அங்கே பயிற்சியின்போது குழந்தைகள் தங்களுக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டுமாம்: நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்ய வேண்டும்? இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "சலாவரிசை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள், டீச்சர்?" என்று கேட்டார். தொடங்கும் முன் நிலத்தைத் தொட்டு, ஆசானை வணங்கி, எதிரில் நிற்பவரை வணங்குகிற அந்த வரிசை முடிவதற்குள் பிள்ளை தான் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வகுப்பறையிலும் அந்த மூன்று கேள்வியைப் பயன்படுத்தினேன். "உட்கார்" என்று நான் கத்துவது குறைந்தது.

இங்கே ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு. இடது கைப் பழக்கம். பள்ளியில் நாங்கள் மாற்றச் சொல்வதில்லை. வீட்டில் அப்பத்தா விடமாட்டார். சோற்றில் இடது கை பட்டால் தட்டைப் பிடுங்கிவிடுவார். பிள்ளை எப்போதும் அந்தக் கையைப் பாவாடைக்குள் ஒளித்தபடிதான் நிற்கும். கம்பில் ஒரு விதி இருக்கிறது: வலத்தில் வருவதெல்லாம் இடத்திலும் வர வேண்டும். எந்த வீச்சையும் வலக்கையால் ஒரு முறை, இடக்கையால் ஒரு முறை. இடக்கை என்று வந்ததும் வகுப்பே தடுமாறியது. கம்பு நழுவி விழுகிறது, சுவரில் இடிக்கிறது. அவள் ஒருத்திக்கு மட்டும் தண்ணீராய் ஓடியது. "எல்லோரும் அவளைப் பாருங்கள்" என்றார் தாத்தா. அதுவரை அவளை யாரும் அப்படிப் பார்க்கச் சொன்னதில்லை. நம் நாட்டில் இடது கையை ஒருவர் வெளிப்படையாகக் கேட்டு வாங்குகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

மூன்றாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். கையை ஓங்காமல் அவனுக்கு ஒரு பொழுது போகாது. இவனிடம் கம்பைக் கொடுக்கலாமா என்று நானே தயங்கினேன். பெரியவர் அவனுக்கென்று தனியாக ஒரு வேலை வைத்தார். சிலம்பத்தில் தொடுமுறை என்று ஒன்று உண்டு. அடிப்பது கணக்கில் வராது, தொட்டால்தான் புள்ளி. கம்பின் நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பு தடவி, "என் முழங்காலில் ஒரு பொட்டு வை. எனக்கு வலித்தால் நீ தோற்றாய்" என்றார். அவருடைய வலிக்கிற முழங்கால் அது. முதல் வாரம் பையன் நான்கு முறை தோற்றான். வேகத்தை அடக்க வேண்டும், தூரத்தைக் கணிக்க வேண்டும், கடைசி நொடியில் கையை நிறுத்த வேண்டும். வேட்டியில் சுண்ணாம்புப் பொட்டு விழுந்தும் தாத்தாவுக்குத் தெரியாமல் போன நாள் வர ஏழு வெள்ளிக்கிழமை பிடித்தது. அதற்குப் பிறகு அவன் சண்டையே போடவில்லை என்று எழுதினால் பொய். போட்டான். ஆனால் ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவனை நோக்கி ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தியதை நான் பார்த்தேன். நிறுத்த முடியும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

சண்டைக் கலை பிள்ளைகளை முரடர்களாக்கும் என்ற அச்சம் பல பெற்றோருக்கு இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலும் இருக்கலாம். அந்த அச்சத்தைத் தள்ளிவிடக் கூடாது. 1986-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. குற்றச் செயல்களில் சிக்கிய பதின்வயதினரை எடுத்துக்கொண்டு, ஒரு குழுவுக்கு வணக்கம், தியானம், நெறி எல்லாம் சேர்ந்த மரபான டேக்வாண்டோவையும், இன்னொரு குழுவுக்கு வெறும் அடிதடி நுணுக்கங்களையும் ஆறு மாதம் கற்பித்தார்கள். முதல் குழுவில் மூர்க்கம் குறைந்தது. இரண்டாம் குழுவில் கூடியது. ஆகவே, எதைக் கற்பிக்கிறோம் என்ற கேள்விக்குச் சமமாக, எப்படி, யார் கற்பிக்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. உங்கள் ஆணையில் நான் மிகவும் எதிர்பார்ப்பது அந்தப் பகுதியைத்தான்.

இதைச் சொல்லும்போது என் மனத்தில் இருக்கும் கோபத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் குழந்தைகளுக்குச் சிலம்பம் என்றாலே உலக சாதனை என்று ஆகிவிட்டது. தலையில் பானை, காலடியில் ஆணிப் பலகை, கண்ணில் கறுப்புத் துணி, இரண்டு முனையிலும் தீ. உச்சி வெயிலில் மணிக்கணக்காக நிற்காமல் சுற்று என்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை சுற்றுகிறது. சான்றிதழும் கேடயமும் கொடுக்க ஓர் அமைப்பு வருகிறது, படம் எடுக்கிறார்கள், செய்தி வருகிறது. அந்தப் பிள்ளையின் தோள்பட்டை அன்றிரவு எப்படி வலித்தது என்று எந்தச் செய்தியிலும் இல்லை. வளரும் எலும்பு வைத்துச் சூதாடுகிறோம். சிலம்பத்தின் எந்த வரிசையிலும் பானை கிடையாது. இதில் மயங்குகிற பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. தங்கள் பிள்ளைக்கு யாராவது ஒருவர் கைதட்ட மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள் அவர்கள். அரசுப் பள்ளி அந்தக் கைதட்டலை வாரந்தோறும் கொடுத்திருந்தால் சாதனை வியாபாரத்துக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது.

ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே இதைப் பற்றி யோசித்து முடிவெடுத்திருக்கிறார்கள். அங்கே 2012 முதல் நடுநிலைப் பள்ளி உடற்கல்வியில் தற்காப்புக் கலை கட்டாயம். ஆனால் 2022-இல் ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய அளவிலான தனிநபர் போட்டியை நிறுத்திவிட்டது. வெற்றி ஒன்றே குறி என்று பெரியவர்கள் பிள்ளைகளை வருத்துகிறார்கள் என்பது காரணம். ஒலிம்பிக்கில் பதக்கம் குவிக்கிற நாடு, பத்து வயதுப் பிள்ளைக்குப் பதக்கம் வேண்டாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், தற்காப்புக் கலைகளால் குழந்தைகளுக்கு உடலும் மனமும் நலம் பெறும் என்று சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் அடிக்காத பயிற்சி முறைகளையே பரிந்துரைக்கிறது. தலைக்கவசம் மாட்டினால் மூளை அதிர்ச்சி வராது என்று நம்பிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. எனவே ஐந்தாம் வகுப்பு முடியும் வரை நேருக்கு நேர் மோதல் கூடாது, போட்டி கூடாது, சாதனை நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள். ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் கம்பு சுற்றட்டும், அது போதும்.

தற்காப்பு என்ற சொல்லையும் தொடக்கப் பள்ளியில் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு பழகினாலும் வளர்ந்த மனிதன் ஒருவனை எதிர்த்து வெல்ல முடியாது. முடியும் என்று பெற்றோருக்குச் சொல்வது ஏமாற்று. குழந்தையைக் காப்பது பெரியவர்களின் கடமை. அதற்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற குழந்தை உதவி எண் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். ஆனாலும் கம்பு பழகிய பிள்ளைகளிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். தன் உடலைச் சுற்றி ஒரு கம்பு தூரம் தனக்கு உரியது என்று அவர்களுக்குத் தெரிந்தது. பயிற்சியில் கூட்டமாக நிற்கும்போது, நெருங்கி வருகிறவரிடம் "தள்ளி நில்லுங்கள்" என்று உரக்கச் சொல்லப் பழக்கியிருந்தார் தாத்தா. விபத்து நடக்கக் கூடாது என்பதற்காக அவர் வைத்த பழக்கம் அது. ஒருநாள் கன்னத்தைக் கிள்ள வந்த ஒரு விருந்தாளியிடம் இரண்டாம் வகுப்புச் சிறுமி அதே குரலில் அதையே சொன்னாள். அவளுடைய அம்மா என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட வேண்டாம் அம்மா, அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்றேன்.

பள்ளித் தரையில் நடக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் கம்பு பழகும் களங்கள் பல, தெருவுக்குத் தெரு பிரிந்து கிடந்தவை. எந்தத் தெருப் பிள்ளை எந்தக் களத்தில் இறங்கலாம் என்பதைச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண் பிள்ளைகள் எந்தக் களத்திலும் இறங்கியதில்லை. எங்கள் தாத்தாவே தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பெண்ணுக்குக் கம்பு கொடுத்தது எங்கள் வேப்பமரத்தடியில்தான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதே தரையைத் தொட்டு வணங்கி, அதே இருபது கம்பை மாற்றி மாற்றி எடுத்தார்கள். அரசுப் பள்ளியைத் தவிர இது நடக்கக்கூடிய வேறு இடம் எங்கள் ஊரில் இல்லை. கேரளத்தின் வடகரையில் மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிக்குள், கேரளத் தற்காப்புக் கலை பழகும் களத்துக்குள், காலெடுத்து வைத்தார்; 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஏழு வயதில் ஒரு வாசல் அவருக்குத் திறந்திருந்தது. எங்கள் ஊரில் அந்த வாசலை ஒரு பள்ளிதான் திறக்க முடியும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 500 ரூபாய், ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பள்ளிக்கு 40,000 ரூபாய். இதைவிடக் குறைத்துப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தோம். அவர்களில் உடற்கல்வி ஆசிரியர்களும் உண்டு. நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். இன்னொரு கூட்டத்தை அதே நிலையில் நிறுத்த வேண்டாம். ஓர் ஆசான் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நான்குக்குப் போனால் அவருக்கு ஒரு வருமானமும் நமக்கு ஓர் ஒழுங்கும் கிடைக்கும்.

யாரை நியமிப்பது என்பதில் சிக்கல் வரும். சிலம்பத்துக்கு மாநிலத்தில் பல சங்கங்கள் இருக்கின்றன. ஒன்றின் சான்றிதழை மற்றொன்று ஏற்பதில்லை. எங்கள் தாத்தாவிடம் ஒரு சான்றிதழும் கிடையாது. கல்வித் தகுதி, சங்கச் சான்று என்று நிபந்தனை போட்டால் ஊர் ஆசான்கள் வெளியே நிற்பார்கள். காகிதம் வாங்கத் தெரிந்தவர்கள் உள்ளே வருவார்கள். மாவட்ட அளவில் மூத்த ஆசான்கள், ஒரு மருத்துவர், ஓர் உடற்கல்வி ஆசிரியர் கொண்ட சிறு குழு நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். காவல் துறைச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். முதலுதவியிலும் குழந்தைப் பாதுகாப்பிலும் மூன்று நாள் பயிற்சி கொடுங்கள். வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் பள்ளி ஆசிரியர் ஒருவர் தரையில் நிற்க வேண்டும். ஆசானை நம்பாததால் இதைச் சொல்லவில்லை, பிள்ளைகள் எங்கள் பொறுப்பு என்பதால் சொல்கிறேன். ஓர் ஆசானுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு கம்பு தூரம் இருக்க வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் காலடியும் கைக்கு அடங்கும் மெல்லிய பிரம்பும் போதும்.

காலையில் வேண்டாம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் வயிறார உண்டுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். வெறும் வயிற்றுப் பிள்ளையிடம் கம்பைக் கொடுக்கவே முடியாது. ஆனால் உண்ட கையோடு கம்பு சுற்றக் கூடாது. வெயில் தணிந்த கடைசிப் பாடவேளைதான் சரி.

ஒரு விஷயத்தில் உங்களிடம் வாக்கு வேண்டும். இதற்குத் தேர்வு வைக்காதீர்கள். பதிவேடு வைக்கச் சொல்லாதீர்கள், செயலியில் படம் ஏற்றச் சொல்லாதீர்கள். வருகைப் பதிவு ஒன்று போதும். மதிப்பெண் இல்லாத ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்தில் இது ஒன்றுதான் இருந்தது.

மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஒரு மாவட்டத்தில், விருப்பம் தெரிவிக்கிற பள்ளிகளில், ஓர் ஆண்டு நடத்திப் பாருங்கள். சிலம்பம் இல்லாத பகுதிகளில் வேறு எது இருக்கிறதோ அது இருக்கட்டும். குமரி மாவட்டத்தில் அடிமுறை ஆசான்கள் இருக்கிறார்கள், நகரங்களில் கராத்தே, ஜூடோ சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். எதுவானாலும் நெறியோடு, மெதுவாக, காலிலிருந்து தொடங்கட்டும்.

எங்கள் கம்புகள் இப்போது சத்துணவுக் கூடத்தின் பரணில் இருக்கின்றன. எண்ணெய் தடவாமல் விட்டால் வெடித்துவிடும் என்று தாத்தா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கேட்டு வாங்கித் துடைத்துவைக்கிறார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்த பையன் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு; அடுத்த ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடுவான். அவன் கம்பு அவன் நெற்றிக்கு நான்கு விரல் குட்டையாகிவிட்டது. ஆணை வந்தால் முதல் வேலையாக அவனுக்குப் புதிதாக ஒன்று வெட்ட வேண்டும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். இந்தக் கல்வியாண்டுக்குள் பதில் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் இடைநிலை ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்.